குவாசார் தன்னைச் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்குகிறதா, வெறுமனே வெளிச்சம் போடுகிறதா?

மாலைவெள்ளி:

வணக்கம் நண்பர்களே. சென்ற வாரம் என் 8 அங்குலத் தொலைநோக்கியில் முதல்முறையாக 3சி 273 என்ற குவாசாரைப் பிடித்துவிட்டேன்; அதாவது, ஒரு கேலக்ஸியின் நடுவில் உள்ள ராட்சதக் கருந்துளை பொருளைத் தின்னும்போது எழும் பேரொளியை. கன்னி விண்மீன் குழுவில், வரைபடத்தோடு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு கிடைத்தது ஒரு மங்கலான புள்ளி. பக்கத்தில் இருந்த சாதாரண நட்சத்திரத்துக்கும் அதற்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. 1963-இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் பார்த்து, கோடுகள் எல்லாம் 16 விழுக்காடு சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கும்வரை மற்றவர்களையும் அந்தப் புள்ளி இப்படித்தான் ஏமாற்றியிருக்கிறது. 240 கோடி ஒளியாண்டு தொலைவு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே பார்த்தேன். சொன்னதால் புள்ளி ஒன்றும் பெரிதாகவில்லை.

இப்போது கேள்வி. எந்தக் கட்டுரையை எடுத்தாலும், "குவாசார் தன் கேலக்ஸியின் வாயுவைச் சூடாக்கி, புதிய நட்சத்திரங்கள் பிறப்பதை நிறுத்திவிடுகிறது" என்று ஒரு வரி வருகிறது. ஒளி கிளம்பும் இடம் நமது சூரியக் குடும்பத்தின் அளவு. வாயுவோ மூன்று லட்சம் ஒளியாண்டு தூரம்வரை பரவிக் கிடக்கிறது. அங்கே சூடு எப்படிப் போய்ச் சேர்கிறது? யாராவது அதை நேரில் பார்த்திருக்கிறார்களா, அல்லது எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்களா?

கணக்குப்பிள்ளை:

ஆற்றல் போதுமா என்பதை முதலில் முடித்துவிடலாம். ஒரு தாளின் பின்பக்கம் போதும்.

ஒரு பெரிய கேலக்ஸியின் மையப் பகுதியில் 10,000 கோடி சூரியன்களின் நிறை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் உள்ள கருந்துளையின் நிறை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 10 கோடி சூரியன்கள். கருந்துளைக்குள் விழும் பொருளின் நிறையில் சுமார் பத்தில் ஒரு பங்கு, விழுவதற்கு முன்பே ஒளியாக வெளியேறிவிடுகிறது. கேலக்ஸியைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஈர்ப்பின் வலிமையை, அதிலுள்ள நட்சத்திரங்கள் அலையும் வேகத்திலிருந்து அறியலாம். வினாடிக்கு 200 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

ஒளியின் வேகம் அதைப் போல 1500 மடங்கு. அதன் வர்க்கம் 22.5 லட்சம். அதை ஆயிரத்தால் வகுத்து, மறுபடி பத்தால் வகுத்தால் 225. அந்தக் கருந்துளை வளர்ந்த காலத்தில் வெளியிட்ட ஆற்றல், மொத்த மையப் பகுதியையும் பிய்த்து எறியத் தேவையான ஆற்றலைப் போல இருநூறு மடங்குக்கு மேல். அதில் அரை விழுக்காடு வாயுவின் கையில் கிடைத்தாலே போதும்.

ஐயவாதி:

கணக்கு சரி. ஆனால் பெட்டியில் பணம் இருப்பது வேறு, அது செலவாவது வேறு. மாலைவெள்ளி பார்த்த அந்தப் புள்ளியே எனக்குச் சாட்சி. அந்த ஒளி 240 கோடி ஆண்டுகளாக எதையும் சூடாக்காமல் வந்ததால்தான் அவர் கண்ணில் பட்டது! குவாசாரின் ஒளியில் பெரும்பகுதி இப்படித்தான் யாரையும் தொடாமல் வெளியே போய்விடுகிறது.

பிறகு அந்தப் புகழ்பெற்ற கணினி மாதிரிகள். 2005-இல் டி மத்தேயோ, ஸ்பிரிங்கல், ஹெர்ன்குவிஸ்ட் ஆகிய மூவர் வெளியிட்ட உருவகத்தில், இரண்டு கேலக்ஸிகள் மோதுகின்றன, கருந்துளை கொழுக்கிறது, வாயு வெடித்து வெளியேறுகிறது, நட்சத்திரப் பிறப்பு நிற்கிறது. பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் ஒளியாற்றலில் 5 விழுக்காட்டை அருகிலுள்ள வாயுவுக்கு வெப்பமாகக் கொடுத்துவிடு என்று அதில் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த 5 எங்கிருந்து வந்தது? கருந்துளையின் நிறைக்கும் நட்சத்திரங்களின் வேகத்துக்கும் இடையே 2000-இல் கண்டறியப்பட்ட பொருத்தம் மாதிரியிலும் வர வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தது. விடையைத் தெரிந்துகொண்டு கணக்குப் போட்டால் விடை சரியாகத்தான் வரும்.

நிறமாலைப்பித்தன்:

ஐயவாதி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். குவாசாரிடம் ஆற்றலுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் பிடிமானத்துக்குத்தான். வாயுவை எது பிடிக்கிறது என்று கேட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் இருக்கின்றன. அவற்றை எல்லாம் ஒரே "சூடாக்குதல்" என்ற சொல்லில் அடைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

முதல் கை, ஒளி. புறஊதாக் கதிர் ஒரு ஹைட்ரஜன் அணுவில் மோதி எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கிறது. மிஞ்சிய ஆற்றல் அந்த எலக்ட்ரானின் ஓட்டமாக மாறி வாயுவைச் சூடாக்குகிறது. ஆனால் பத்தாயிரம், இருபதாயிரம் கெல்வினோடு அது நின்றுவிடும். அதற்கு மேல் போனால் வாயு தானே ஒளிர்ந்து வெப்பத்தைக் கொட்டிவிடுகிறது. இந்தச் சூடு கேலக்ஸியின் ஈர்ப்பை மீறி எதையும் வெளியே தள்ளாது. எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களோடு மோதி ஒரு கோடி, இரண்டு கோடி கெல்வின்வரை கொண்டுபோக முடியும் என்றாலும், அது மையத்துக்கு மிக அருகில் மட்டுமே. தூசி இருக்கும் இடத்தில் ஒளியின் அழுத்தம் தூசியைத் தள்ள, தூசி தன்னோடு வாயுவை இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது கை, காற்று. எனக்கு உண்மையிலேயே வியப்பூட்டுவது இதுதான். கருந்துளையைச் சுற்றும் வட்டிலிருந்து ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் பிளாஸ்மா, அதாவது அணுக்கள் எலக்ட்ரானை இழந்த வாயு, கிளம்புகிறது. பிடிஎஸ் 456 என்ற குவாசாரில் அது ஒளி வேகத்தில் கால் பங்கைத் தாண்டுகிறது. நூஸ்டார், எக்ஸ்எம்எம்-நியூட்டன் ஆகிய இரண்டு விண்தொலைநோக்கிகளும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்த முடிவுகள் 2015-இல் வெளியாயின. அந்தக் காற்று குறுகலான தாரையாக அல்லாமல் ஏறக்குறைய எல்லாத் திசையிலும் வீசுகிறது என்பதும் அப்போது தெரிந்தது. ஒளி தப்பித்துவிடும், காற்று தப்பிக்காது. எதிரே நிற்கும் வாயுவில் மோதித்தான் ஆக வேண்டும். வினாடிக்கு 30,000 கிலோமீட்டரில் வந்து மோதினால், அதிர்வலையில் வெப்பநிலை ஆயிரம் கோடி கெல்வினைத் தொடும்.

அந்தச் சூடான குமிழி என்ன செய்கிறது என்பதில்தான் சண்டை. வெப்பத்தை வெளியே கசியவிடாமல் வைத்திருந்தால், குமிழி நீராவி இயந்திரத்தின் உந்துதண்டைப் போல விரிந்து எல்லாவற்றையும் தள்ளும். வெப்பத்தைச் சீக்கிரம் இழந்துவிட்டால், மோதிய வேகத்தின் உந்தம் மட்டும்தான் மிஞ்சும். அது வலுவற்ற தள்ளல். இரண்டுக்கும் இடையே ஆற்றலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

புதியவன்07:

மன்னிக்கவும், ஒரு சிறுபிள்ளைக் கேள்வி. ஆயிரம் கோடி டிகிரி என்றால் அந்தக் கேலக்ஸியில் உள்ள நட்சத்திரங்களும் கோள்களும் உருகி ஆவியாகிவிடாதா?

பழைய ராந்தல்:

ஆகாது தம்பி. வெப்பநிலை என்பது ஒவ்வொரு துகளும் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது மட்டும்தான். எத்தனை துகள்கள் என்பதைப் பற்றி அது வாயைத் திறப்பதில்லை. கேலக்ஸியைச் சுற்றியுள்ள சூடான வாயுவில், ஒரு லிட்டர் இடத்தில் ஒரு துகளோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். அங்கே கையை நீட்டினால், வாயுவால் உங்கள் கை சுடாது. வெற்றிடத்தால் வேறு தொல்லைகள் வரும், அது தனிக்கதை.

இன்னொன்று. அந்தத் துறையில் இதற்குப் பெயர் "பின்னூட்டம்". கருந்துளை தின்கிறது, தின்றதால் வரும் ஆற்றல் அடுத்த வேளை உணவைத் தடுக்கிறது. நாம் இங்கே எழுதுவதற்கும் அதே பெயர்தான். நம்முடையதில் சூடு மட்டும் உண்டு, எதுவும் நின்றதாகத் தெரியவில்லை.

நேரில் பார்த்தார்களா என்று கேட்டீர்கள் அல்லவா மாலைவெள்ளி? பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தைப் பாருங்கள். சுமார் 25 கோடி ஒளியாண்டு தூரம். அதன் நடுவில் உள்ள என்ஜிசி 1275 என்ற கேலக்ஸியைச் சுற்றிப் பல கோடி டிகிரியில் வாயு நிரம்பியிருக்கிறது. அந்த வாயு எக்ஸ் கதிர்களாக ஒளிர்ந்து வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்களின் நிறையுள்ள வாயு குளிர்ந்து நடுவில் கொட்ட வேண்டும் என்று கணக்கிட்டார்கள். 2001 வாக்கில் எக்ஸ்எம்எம்-நியூட்டனின் நிறமாலைகள் வந்தன. அப்படிக் குளிரும் வாயு காட்ட வேண்டிய கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. யாரோ அடுப்பை எரியவிட்டிருக்கிறார்கள்.

யார் என்பது சந்திரா தொலைநோக்கியின் படத்தில் தெரிந்தது. கருந்துளையின் தாரைகள் வாயுவுக்குள் ஊதிய இரண்டு பெரிய குமிழிகள், அவற்றைச் சுற்றிக் குளத்தில் கல்லெறிந்ததுபோல வளைய வளையமாக அலைகள். அவை ஒலியலைகள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு. 2003-இல் அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

நிறமாலைப்பித்தன்:

ராந்தல் ஐயா, படம் அழகுதான், ஆனால் ஒரு திருத்தம். என்ஜிசி 1275 இப்போது குவாசார் அல்ல. அந்தக் கருந்துளை கொஞ்சமாகத் தின்று, ஆற்றலில் பெரும்பங்கைத் தாரைகளாக வெளியேற்றுகிறது. கொத்துகளில் வாயுவைக் குளிரவிடாமல் வைத்திருப்பது பெரும்பாலும் இந்த நிதானமான வகைதான். எம்எஸ் 0735 என்ற கொத்தில் அதுவும் நிதானமாக இல்லை; ஒவ்வொன்றும் ஆறு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள குமிழிகள்! குவாசார் என்பது தட்டு நிறையத் தின்னும் காலம். அப்போது ஒளியும் காற்றும்தான் முதன்மை.

குவாசார் காலத்துக்குச் சான்று வேண்டுமானால் மார்க்காரியன் 231-ஐச் சொல்வேன். நமக்கு ஓரளவு அருகிலேயே இருக்கும் குவாசார். 2010-இல் அதிலிருந்து மூலக்கூறு வாயு, அதாவது நட்சத்திரங்கள் பிறக்கத் தேவையான அதே கச்சாப் பொருள், ஆண்டுக்குப் பல நூறு சூரிய நிறை என்ற கணக்கில் வெளியேறுவது தெரிந்தது. வேகம் வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டரை நெருங்குகிறது. நட்சத்திரமாக மாறும் வாயுவைவிட ஓடிப்போகும் வாயு அதிகம்.

ஐயவாதி:

நன்றி, எனக்கு வேண்டியதை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வாயு, அதிர்வலையில் ஒரு கோடி கெல்வினுக்கு மேல் சூடாக வேண்டும். அந்தச் சூட்டில் மூலக்கூறு எப்படி உயிரோடு இருக்கும்? சூடாக்கிய வாயுவைக் காட்டுங்கள் என்றால், குளிர்ந்த வாயுவைக் காட்டுகிறீர்கள்.

வெளியே போனால் நிலைமை இன்னும் மோசம். பின்னணியில் ஒரு குவாசார், அதற்கு முன்னால், பார்வைக் கோட்டுக்குச் சற்று விலகி, இன்னொரு குவாசார். பின்னால் இருப்பதன் ஒளியில் முன்னால் இருப்பதன் சுற்றுப்புற வாயு பதித்த கோடுகளைப் படிக்கலாம். ஹெனாவி, புரோசாஸ்கா குழுவினர் இதைப் பல இணைகளில் செய்தார்கள். கிடைத்தது என்ன? ஆறேழு லட்சம் ஒளியாண்டு சுற்றளவில் குளிர்ந்த வாயு ஏராளம். (பத்தாயிரம் டிகிரியைக் கூச்சமில்லாமல் "குளிர்ந்தது" என்று சொல்லும் ஒரே கூட்டம் வானியலாளர்கள்.) 2014-இல் கெக் தொலைநோக்கியில் யூஎம் 287 குவாசாரைச் சுற்றிப் பார்த்த ஒளிரும் வாயு 15 லட்சம் ஒளியாண்டு நீளம். அதுவும் குளிர்ந்த வகைதான். தலைப்பில் உள்ள கேள்விக்கு என் விடை: வெளிச்சம் போடுகிறது, அவ்வளவே.

கணக்குப்பிள்ளை:

அந்த ஆறேழு லட்சம் ஆர அளவா, விட்ட அளவா என்று பார்த்துச் சொல்லுங்கள் ஐயவாதி. "சுற்றளவு" என்றால் வட்டத்தின் ஓரம்.

ஐயவாதி:

ஆரம். ஆறேழு லட்சம் ஒளியாண்டு ஆரம். பிழைக்கு வருந்துகிறேன்.

நிறமாலைப்பித்தன்:

மூலக்கூறு பற்றிய கேள்வி நியாயமானது. அதற்கு இரண்டு விடைகள் போட்டியிடுகின்றன. சூடான காற்று பழைய குளிர்ந்த மேகங்களை உடையாமல் இழுத்துக்கொண்டு போகிறது என்பது ஒன்று. சூடான வாயுவே ஓடும் வழியில் குளிர்ந்து, மூலக்கூறுகள் புதிதாக உருவாகின்றன என்பது மற்றொன்று. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஓடுகிற மேகத்தை எத்தனை கணினி மாதிரிகளில் காற்றில் வைத்தாலும், அது வேகம் பிடிப்பதற்குள் கந்தலாகிவிடுகிறது.

வெளிப்புறக் குளிர்வாயுவுக்கு வருவோம். அந்தக் குவாசார் இணைகளிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் ஏராளமான நடுநிலை ஹைட்ரஜன், அதாவது ஒளி இன்னும் எலக்ட்ரானைப் பிய்க்காத ஹைட்ரஜன். அதே குவாசாரை நோக்கி நேராக நம் பார்வைக் கோட்டில் பார்த்தால் மிகக் குறைவு. அதாவது, ஒளி எல்லாப் பக்கமும் போகவில்லை. மையத்தைச் சுற்றியுள்ள தூசி வளையம் பக்கவாட்டில் மறைக்கிறது. நாம் குவாசார் என்று அழைப்பதே, நம்மை நோக்கித் திறந்திருக்கும் பக்கத்தைத்தான். சூடாகாத வாயுவைப் பார்த்துச் சூடே இல்லை என்று சொன்னால், விளக்கின் நிழலில் நின்றுகொண்டு விளக்கு எரியவில்லை என்பதுபோல ஆகும்.

பழைய ராந்தல்:

விளக்கு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எரிந்து அணைந்த விளக்கு. 2007-இல் டச்சுப் பள்ளி ஆசிரியை ஹானி வான் ஆர்க்கெல், கேலக்ஸிகளை வகைப்படுத்தும் பொதுமக்கள் திட்டத்தில் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஐசி 2497 என்ற கேலக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு விநோதமான வாயுத் திட்டைக் கவனித்தார். அதற்குள் அதை ஒளிரவைக்கும் நட்சத்திரங்கள் இல்லை. ஒளிர்வதற்கு ஒரு குவாசார் வேண்டும். பக்கத்துக் கேலக்ஸியின் நடுவில் பார்த்தால், அவ்வளவு பிரகாசமாக எதுவுமே இல்லை. குவாசார் கடந்த ஒன்றிரண்டு லட்சம் ஆண்டுகளுக்குள் ஓய்ந்துவிட்டது. அதன் பழைய ஒளி இப்போதுதான் அந்த வாயுவை வந்தடைந்திருக்கிறது என்பதே விளக்கம். வாயுவுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இதனால் இந்தத் துறையில் ஒரு பெரிய தலைவலி. குவாசார் லட்சம் ஆண்டுகளில் எரிந்து அணைகிறது. வாயு சூடாகி வெளியேறப் பல கோடி ஆண்டுகள். இப்போது எரியும் குவாசாரையும் இப்போதைய நட்சத்திரப் பிறப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், சம்பந்தமே இல்லாததுபோலத்தான் தெரியும். பிரகாசமான குவாசார்கள் உள்ள கேலக்ஸிகள் பலவற்றில் நட்சத்திரங்கள் இன்னும் அமோகமாகப் பிறந்துகொண்டிருப்பது அதனாலும் இருக்கலாம்.

மாலைவெள்ளி:

பிடிமானம், நிழல், தாமதம். மூன்றும் புரிகிறது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. சூடான வாயுவையே, அதன் சூட்டையே, ஒரு குவாசாரைச் சுற்றி யாராவது அளந்தார்களா?

நிறமாலைப்பித்தன்:

அளந்தார்கள். 2019-இல் ஆல்மா தொலைநோக்கியைக் கொண்டு, ஹெச்இ 0515-4414 என்ற அசுரப் பிரகாசமுள்ள குவாசாரில்.

முறை அழகானது. பிரபஞ்சம் முழுக்க ஆதிகால நுண்ணலைக் கதிர்வீச்சு நிறைந்திருக்கிறது. அது சூடான வாயுவின் ஊடாக வரும்போது, எலக்ட்ரான்கள் அதன் ஒளித்துகள்களில் சிலவற்றை முட்டி, ஆற்றலை ஏற்றிவிடுகின்றன. அதனால் குறைந்த அதிர்வெண்களில் பார்த்தால் அந்த இடத்தில் பின்னணி லேசாக மங்கியிருக்கும். சுன்யாயெவ்–செல்டோவிச் விளைவு என்று பெயர். இந்த மங்கல் வாயுவின் அழுத்தத்தை நேரடியாகச் சொல்கிறது. கேலக்ஸிக் கொத்துகளில் இதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தனி ஒரு குவாசார் ஊதிய குமிழியில் பார்த்ததாகச் சான்று கிடைத்தது அப்போதுதான்.

ஐயவாதிக்குப் பிடித்த செய்தியும் அதில் இருக்கிறது. காற்றின் ஆற்றல் குவாசாரின் மொத்த ஒளியாற்றலில் 0.01 விழுக்காடு அளவுதான் வந்தது.

ஐயவாதி:

பத்தாயிரத்தில் ஒன்று! கையால் எழுதிய 5 விழுக்காட்டைவிட ஐந்நூறு மடங்கு குறைவு. கணக்குப்பிள்ளை கேட்ட அரை விழுக்காட்டைவிடவும் ஐம்பது மடங்கு குறைவு. இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்?

கணக்குப்பிள்ளை:

அரை விழுக்காடு நான் கேட்டது மையப் பகுதி முழுவதையும் பிய்த்தெறிய. நட்சத்திரப் பிறப்பை நிறுத்த அவ்வளவு தேவையில்லை. புறத்தே உள்ள வாயு குளிர்ந்து உள்ளே விழாமல் பார்த்துக்கொண்டாலே உள்ளே பட்டினிதான்.

நிறமாலைப்பித்தன்:

அதேதான். அந்த அளவீட்டில் எனக்குப் பிடித்த எண்கள் வேறு. குமிழியின் வயது சுமார் 10 கோடி ஆண்டு. அது குளிர்வதற்குத் தேவையான காலம் சுமார் 60 கோடி ஆண்டு. குவாசார் அணைந்துவிட்ட பிறகும் குமிழி சூடாகவே கிடக்கும். கொஞ்சமாகக் கொடுத்தாலும் நெடுங்காலம் தாங்குகிறது.

இன்னும் பெரிய அளவிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. சுமார் 1100 கோடி ஆண்டுகளுக்கு முன், எல்லாக் குவாசார்களின் புறஊதா ஒளியும் சேர்ந்து, கேலக்ஸிகளுக்கு இடையே உள்ள ஹீலியத்தின் இரண்டாவது எலக்ட்ரானையும் பறித்து, அந்த வெளி முழுவதையும் சில ஆயிரம் டிகிரி சூடேற்றியது. வெளிச்சம் மட்டும்தான் என்றாலும், அது சும்மா போகவில்லை.

ஐயவாதி:

ஹீலியத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குமிழியில் எனக்கு இன்னும் ஒரு முள் உறுத்துகிறது. மங்கல் குவாசாருக்கு ஒரே ஒரு பக்கத்தில்தான் தெரிந்தது என்று படித்த நினைவு. எல்லாத் திசையிலும் வீசும் காற்றுக்கு மறுபக்கம் எங்கே போயிற்று?

நிறமாலைப்பித்தன்:

குமிழியின் இரு பக்கங்களும் எதிரெதிர்த் திசையில் நகர்வதால், நம்மைவிட்டு விலகும் பக்கத்தில் மங்கல் கூடி, நம்மை நோக்கி வரும் பக்கத்தில் ஏறக்குறைய ஈடாகிவிடுகிறது என்று விளக்கலாம். மங்கல் தெரியும் அதே திசையில் ஒளிரும் வாயுவும் நீண்டு கிடப்பது அதற்குத் துணை. ஒரே ஒரு குவாசார் என்பதால், உங்கள் முள் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாலைவெள்ளி:

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வராததற்குக் காரணம் உண்டு. பொதுவில் கிடைக்கும் குவாசார் நிறமாலைகளை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் செம்பெயர்ச்சி (கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு) 2.1. கரிம அயனியின் கோடு 480 நானோமீட்டரில் பெரிய மேடாக இருக்கிறது. அதற்கு நீலப் பக்கத்தில், 450-க்குச் சற்று முன்னால், யாரோ மண்வெட்டியால் வெட்டியதுபோல அகலமான பள்ளம். அடி ஏறக்குறைய 449.5-இல். இது கருவியின் கோளாறா, காற்றா?

கணக்குப்பிள்ளை:

480.2-ஐ 449.5-ஆல் வகுத்தால் 1.068. வர்க்கம் 1.141. அதிலிருந்து ஒன்றைக் கழித்து, ஒன்றைக் கூட்டியதால் வகுத்தால் 0.066. ஒளி வேகத்தில் 6.6 விழுக்காடு, வினாடிக்கு ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர். நம்மை நோக்கி வருகிறது.

நிறமாலைப்பித்தன்:

கோளாறாக இருந்தால் அவ்வளவு அகலம் இருக்காது. காற்றுதான். பத்துக் குவாசார்களில் ஒன்றிரண்டில் இப்படி ஒரு பள்ளம் இருக்கும். சிலிக்கான் கோட்டுக்கு இடப்பக்கமும் அதே வேகத்தில் ஒரு பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மாலைவெள்ளி:

இருக்கிறது. 432-இல் சிலிக்கான் மேடு, 405-க்குக் கீழே ஆழம் குறைந்த பள்ளம். அடுத்த நிறமாலையைத் திறந்திருக்கிறேன். இதில் கரிமத்துக்கே இரண்டு பள்ளங்கள்.